கூலிக்கு வந்த ஊர் – 11: மெயின் போர்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

பம்பாய்த் தாராவியில் ஒரு பட்டறைக்கு ஆள் வேண்டுமென்றால் யாரும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதில்லை. ஊருக்கு ஒரு போன் போகும். "மச்சான், நம்ம ஆளு ஒருத்தன் நின்னுட்டான். உன் தம்பி சும்மாதானே இருக்கான், அனுப்பி வை." அடுத்த வாரம் அந்தத் தம்பி பை ஒன்றோடு வந்து இறங்குவான். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, படுக்க எங்கே இடம், கோயில் கொடைக்கு லீவு உண்டா என்ற நாலு கேள்விக்கும் போனிலேயே பதில் வாங்கியிருப்பான். ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அவனும் கேட்பதில்லை, கூப்பிட்டவரும் சொல்வதில்லை. அந்தப் பட்டறையில் கரண்ட் எப்படி ஓடுகிறது? இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஊர்க்காரர் சொல்லி வேலை கிடைப்பது இங்கே நூறாண்டு தாண்டிய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் தொட்டிகளுக்கு வந்தவர்கள், ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவராக வந்தார்கள். பக்கத்து மாட்டுங்காவின் கதை வேறு. பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா நிலங்களை மனை பிரித்துக் கட்டிய பிறகு, 1920களிலும் 30களிலும் அங்கே குடிவந்த தமிழர்களில் பலர் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்த குமாஸ்தாக்கள். மெஸ்ஸில் தங்கி, ஆங்கிலப் பேப்பரில் 'ஆள் தேவை' பத்தியைப் படித்து, விண்ணப்பம் எழுதி வேலைக்குப் போனவர்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கித் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அமைத்துக்கொண்டார்கள். இரண்டு பேட்டைக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். ஆனால் சாதியும் படிப்பும் சேர்ந்து ஒருவர் கையில் விண்ணப்பத் தாளைக் கொடுத்தது, இன்னொருவருக்கு வெறும் வாய்ச்சொல்லைக் கொடுத்தது. வாய்ச்சொல்லில் கிடைத்த வேலைக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. அது இல்லாததால் என்ன ஆகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"அந்த மிஷின் லேசா எர்த் அடிக்கும், செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு." புதிதாக வந்த பையனுக்குப் பட்டறையில் கிடைக்கும் மின் பாதுகாப்புப் பயிற்சி அநேகமாக இவ்வளவுதான். சொல்கிற அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார். அவர் வந்த நாளில் அவருக்கும் இப்படித்தான் ஒருவர் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் அந்தப் பேச்சில் என்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். மோட்டாரிலோ வயரிலோ இன்சுலேஷன் கெட்டு, கரண்ட் மிஷினின் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டது. அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விடவேண்டிய எர்த் வயர் அங்கே இல்லை, அல்லது எங்கோ அறுந்து கிடக்கிறது. ஆக அந்த மிஷினுக்கு இப்போது எர்த் வயராக இருப்பது அதைத் தொடுகிற ஆள்தான். இடையில் இருப்பது ஒரு ஹவாய்ச் செருப்பு.

'லேசா' என்பதற்கும் அளவு உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் அதைத்தான் அளந்தார். தாமாக முன்வந்த 134 ஆண்கள், 28 பெண்கள் கையில் மின்கம்பியைப் பிடிக்கவைத்து, எந்த அளவுக்கு மேல் அவர்களால் பிடியை விட முடியவில்லை என்று பதிவு செய்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் விரல் தசைகள் இறுகிக்கொள்ளும். விடவேண்டும் என்று மனசு நினைத்தாலும் கை விடாது. 30 மில்லிஆம்பியரைக் கடந்தால் மூச்சுத் தசைகள் திணறும், அதற்கும் மேலே போனால் இதயம் தன் தாளத்தை இழந்து நடுங்கத் தொடங்கும். ஆயிரம் மில்லிஆம்பியர் சேர்ந்தது ஒரு ஆம்பியர் என்பதை நினைவில் வையுங்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நிற்கும் உடம்பின் மின்தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அப்படியென்றால் உடம்பு வழியே 230 மில்லிஆம்பியர் பாயும்.

"எம்சிபி போட்டிருக்கோம், டிரிப் ஆயிடும்" என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, அப்படி நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லிஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். 230 மில்லிஆம்பியரில் ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருக்கும்போது அந்த எம்சிபிக்கு ஒரு சின்ன பல்பு எரிவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பழைய எலக்ட்ரீஷியன்கள் ஈஎல்சிபி என்பார்கள். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வழியில் காணாமல் போனால், அது யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் கருவிக்கு 1961இல் வழி கண்டவரும் அதே டால்ஸீல்தான். லோஹார் சால் மார்க்கெட்டில் நல்ல கம்பெனி ஆர்சிசிபி சுமார் இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. ஒரு தையல் பட்டறையில் ஒரு ஆளுக்குக் கொடுக்கும் வாரச் சம்பளத்தைவிடக் குறைவு.

தாராவியின் இட்லிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாயில் காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் இட்லியில் பெரும்பங்கு தாராவித் தமிழர் வீடுகளில் அவிந்தது. நடுநிசிக்குப் பின் அடுப்பு மூட்டுவார்கள். அதற்கு முன், சாயங்காலமே கிரைண்டர் ஓடத் தொடங்கியிருக்கும். நூறு சதுர அடி அறையில் அரிசி ஊறிய தண்ணீர் தரையெல்லாம் ஓடும். கிரைண்டரின் எர்த் பின்னை உடைத்துவிட்டு, இரண்டு துளை சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். பல இடங்களில் பிளக்கே இருக்காது, வயரை உரித்து நேராகச் சொருகித் தீக்குச்சி அடைத்திருப்பார்கள். மாவு தள்ளுவது அநேகமாக வீட்டுப் பெண்கள். வெறுங்கால், ஈரக்கை. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக ஏன் இருக்கிறது? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது எர்த் கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அதை உடைத்து எறிவது, அந்த அக்காவின் உயிருக்குப் போட்டிருந்த தாழ்ப்பாளை உடைப்பதுதான்.

இங்கே இன்னொரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளம் தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுக்கத் தாராவியில் இடம் ஏது? அதற்கும் விதியில் வழி இருக்கிறது. மின்சாரம் கொடுக்கும் நிறுவனம், நுகர்வோரின் இடத்தில் எர்த் முனை ஒன்றையும் அமைத்துத் தர வேண்டும். கொலாபாவிலிருந்து சயான், மாஹிம் வரை மின்சாரம் கொடுப்பது 1947 ஆகஸ்ட் 7ஆம் தேதி மாநகராட்சி கையகப்படுத்திய பெஸ்ட். தாராவி அதற்குள் வருகிறது. செம்பூருக்குப் போனால் அதானி எலக்ட்ரிசிட்டியும் டாடா பவரும். மீட்டர் பெட்டிக்கு அருகே எர்த் முனை இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு பில் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கேட்கத்தான் ஆளில்லை.

ஷாக் மட்டும் அல்ல, தீயும் அதே வயரிலிருந்துதான் வருகிறது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி விடியற்காலை செம்பூர் சித்தார்த் காலனியில் ஒரு கடைவீடு எரிந்தது. கீழே கடை, மேலே குடும்பம். கீழ்த்தளத்து மின் வயரிங்கிலும் மின் சாதனங்களிலும் பற்றிய தீ மேலே ஏறியது என்று அன்று அறிவிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் ஏழு பேர் போனார்கள், அதில் மூன்று பேர் குழந்தைகள். கீழே தொழில், மேலே தூக்கம் என்பது தாராவியின் ஆயிரக்கணக்கான கட்டடங்களின் அமைப்பு. டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8ஆம் தேதி நடந்ததும் அதுவே. பை தைக்கும் பட்டறைகள் இருந்த கட்டடத்தில், வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கிய 43 பேர் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து ஊர்க்காரர் கூப்பிட்டு வந்தவர்கள். பட்டறையிலேயே படுக்க இடம் தருகிறேன் என்று முதலாளி சொல்லும்போது பையனின் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும். வாடகை மிச்சம். அந்த இடத்திலிருந்து இரவில் வெளியே வர எத்தனை வழி, சாவி யார் கையில் என்பதை அந்த அம்மா அதே போனில் கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் எல்லாம் இரட்டிப்பு ஆபத்து. தகரச் சுவரில் உரசி உரசி வயரின் தோல் போயிருக்கும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. முதல் மழையில் சுவரே கரண்டாகிவிடும். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்களோடு தண்ணீரில் கசிந்த மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் இருந்தார்கள். நாடு முழுவதும் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்கின்றன. பெரிய ரயில் விபத்து நடந்தால் நாடே பேசுகிறது. இது ஒவ்வொருவராக நடப்பதால் யாரும் பேசுவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தாராவிப் பட்டறைகளைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "இதெல்லாம் சின்ன இடம், பேக்டரி சட்டம் வராது." உண்மைதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் இருபது பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. முன்பு பத்துப் பேராக இருந்த மத்திய வரம்பை இருபதாக்கிவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் இது தொழிலாளிக்குச் செய்த அநியாயம். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் தாராவிப் பட்டறை அந்த வலைக்கு வெளியே போய்விட்டது.

ஆனால் மின்சாரச் சட்டம் ஆள் எண்ணுவதில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். மின்சாரத்தை உற்பத்தி செய்வதிலோ, கொண்டுபோவதிலோ, கொடுப்பதிலோ, பயன்படுத்துவதிலோ விபத்து நடந்து மனித உயிரோ விலங்கின் உயிரோ போனாலும், காயம் பட்டாலும், போயிருக்கக்கூடும் என்ற நிலை வந்தாலும், அதை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபது பேர் இருக்கிறார்களா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. ஒரே ஒரு பையன் ஒரே ஒரு கிரைண்டரில் அடிபட்டாலும் அது மின் ஆய்வாளரின் விஷயம். மகாராஷ்டிர அரசின் தலைமை மின் ஆய்வாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? செம்பூரில், ராமகிருஷ்ண செம்பூர்கர் மார்க்கில் உள்ள அரசு நிர்வாகக் கட்டடத்தில். தமிழர்கள் முருகன் கோயிலுக்குப் போய்வருகிற அதே செம்பூர். எத்தனையோ பேர் அந்த வாசலைக் கடந்து போயிருப்பார்கள்.

விபத்து நடந்தால் போலீஸ் வந்து ஏடிஆர் என்ற விபத்து மரண அறிக்கையை எழுதும், பிரேதப் பரிசோதனை நடக்கும், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மின் ஆய்வாளர் வந்து பார்த்தால்தான் எர்த் இருந்ததா, வயரிங் யார் செய்தது, தவறு யாருடையது என்பது எழுத்தில் வரும். அந்த எழுத்து பிறகு நஷ்டஈட்டு வழக்கில் குடும்பத்தின் கையில் இருக்கும் பலம்.

நஷ்டஈடு என்றவுடன் நடப்பது என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சயான் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கி, ஊருக்கு ஆம்புலன்ஸ் செலவைக் கொடுத்து, அப்பா கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கூட்டிவந்த ஊர்க்காரரே நடுவில் நின்று பேசி முடிப்பார். அவராலும் முதலாளியைப் பகைத்துக்கொள்ள முடியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்தே ஒரு விதி இருக்கிறது: இறந்தவரின் குடும்பத்துக்கு முதலாளி நேராகக் கொடுக்கும் பணம் நஷ்டஈடாகக் கணக்கில் வராது, அரசு அதற்கென்று வைத்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். அந்தக் கையெழுத்தைக் காட்டி யாரும் உங்கள் உரிமையை முடித்துவிட முடியாது. தொகைக்கும் கணக்கு உண்டு. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு அந்த எண் 216.91. 2020 ஜனவரியில் மத்திய அரசு வைத்த உச்ச வரம்பின்படி 15,000 ரூபாய் சம்பளம் என்று எடுத்துக்கொண்டால், 7,500ஐ 216.91ஆல் பெருக்க வரும் தொகை 16,26,825 ரூபாய். ஆம்புலன்ஸ் செலவையும் கொஞ்சம் ரொக்கத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய தகப்பன்மார்களை நினைத்தால் இந்த எண்ணை எழுதவே கை கனக்கிறது.

அந்த வழக்கை நடத்த, இறந்த பையன் அங்கே வேலை செய்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லாத வேலை என்று மேலே சொன்னது இங்கேதான் உறுத்துகிறது. ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே சம்பளத்தை போன் வழியாகவோ வங்கி வழியாகவோ வாங்கப் பாருங்கள். ஹாஜிரிப் புத்தகத்தில் (வருகைப் பதிவேட்டில்) உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கோ அக்காவுக்கோ அனுப்பி வையுங்கள். பட்டறையின் பெயர், விலாசம், முதலாளியின் நம்பர் வீட்டில் யாரிடமாவது இருக்கட்டும். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கும் காம்கார் பவன், மித்தி ஆற்றுக்கு அந்தப்புறம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் (பிகேசி) இருக்கிறது, தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வக்கீலை இலவசமாக அமர்த்தித் தர 1987ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

வேலை தேடுகிற தம்பிகளிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். கரண்டைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்க வேண்டாம். அதையே தொழிலாகவும் எடுத்துக்கொள்ளலாம். பல்பு மாற்றுவது, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் தாராவியில் யார் செய்கிறார்கள்? கை பழகிய ஒரு அண்ணன். கெட்டிக்காரராக இருப்பார். எந்த வயர் எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் இருக்கும். கையில் மட்டும் சான்றிதழ் இருக்காது. அதனால் பெரிய கம்பெனியில் அவருக்கு வேலையில்லை, கான்ட்ராக்ட் எடுக்க முடியாது, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. அவர் செய்த வேலைக்கு வேறு யாரோ முத்திரை குத்திக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

இதற்கு வழி அரசு ஐடிஐ. குர்லாவிலும் முலுண்டிலும் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். இரண்டும் இரண்டு வருஷம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டு வரை படித்து, அதற்கு மேல் மொழி மாறியதால் படிப்பை விட்ட பிள்ளைகள் தாராவியில் நிறைய. அவர்களுக்கு இந்த வயர்மேன் கதவு திறந்திருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. மேலே டிப்ளமோ படிக்க மாட்டுங்காவிலேயே விஜேடிஐ இருக்கிறது. 1887இல் தொடங்கி, 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. மூன்று மாதத்தில் எலக்ட்ரீஷியன் ஆக்குகிறோம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா என்று செம்பூர் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐடிஐ முடித்த கையோடு அப்ரென்டிஸ். 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் பயிற்சியாளர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 2019இல் திருத்திய விதி உதவித்தொகையைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 வரை என்று வைத்தது. பயிற்சிக் காலத்தில் அடிபட்டால் நஷ்டஈடும் உண்டு. செம்பூரில் ஆர்சிஎப் உர ஆலை, மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் டாடா பவரும் பாபா அணுசக்தி மையமும் ஐடிஐ பிள்ளைகளை எடுக்கின்றன. 1915லிருந்து இருக்கும் மாட்டுங்கா ரயில்வே வொர்க்‌ஷாப்பும் எடுக்கிறது. மத்திய ரயில்வே அப்ரென்டிஸ் தேர்வுக்குப் பரீட்சையும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை. பத்தாவது மார்க்கையும் ஐடிஐ மார்க்கையும் கூட்டிப் பட்டியல் போடுகிறார்கள். அதனால், "உள்ளே ஆள் இருக்கு, ஒரு லட்சம் கொடு" என்று யாராவது சொன்னால் அவர் திருடர். அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் திருடர்தான். தேசிய வேலைவாய்ப்புச் சேவை 2015லிருந்து ஆன்லைனில் இயங்குகிறது, மகாராஷ்டிர அரசுக்கு மகாஸ்வயம் இருக்கிறது. இரண்டிலும் பெயர் பதிவது இலவசம்.

அப்ரென்டிஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018 மார்ச் 20ஆம் தேதி காலையில் பயிற்சி முடித்த பிள்ளைகள் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை நிறுத்தினார்கள். தங்களுக்கென்று ரயில்வே ஒதுக்கிய இருபது சதவீதம் போதாது என்பது அவர்கள் கோரிக்கை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தச் சான்றிதழ் வீண்போகாது. தாராவி மறுசீரமைப்புக்கு 2022 நவம்பரில் ஏலம் முடிந்தது. கட்டடங்கள் எழும்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் வயர் இழுக்க வேண்டும். அந்த வேலை தாராவிப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா, வெளியிலிருந்து ஆள் வருமா என்பதை அன்றைக்கு லைசென்ஸ் யார் கையில் இருக்கிறது என்பது தீர்மானிக்கும்.

முதலில் சொன்ன ஐந்தாவது கேள்விக்குத் திரும்பலாம். பட்டறைக்குள் நுழைந்ததும் மெயின் போர்டு எங்கே என்று கேளுங்கள். மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தால் அவசரத்தில் அணைக்க முடியாது. அதில் 'டி' என்று எழுதிய சிறு பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆர்சிசிபி இருக்கிறது. முதலாளி அனுமதியோடு அதை அழுத்தினால் லைன் போக வேண்டும், போகாவிட்டால் கருவி செத்துவிட்டது. ஃபியூஸ் கட்டையில் சரியான கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி முறுக்கியிருந்தால், அது எரியாது, வயர்தான் எரியும். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். மிஷினில் கைவைத்துச் சுத்தம் செய்யும் முன் நல்ல வயர்மேன்கள் ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. அந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால் ஆளைத் தொடாமல் மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ள வேண்டும். மூச்சில்லை என்றால் 108க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும் வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணில் புதைப்பது, எண்ணெய் தேய்ப்பது எல்லாம் உயிர் பிழைக்கும் நிமிடங்களைத் தின்றுவிடும்.

மின்சாரம் தாக்கியவருக்கு முதலுதவி செய்யும் முறையை எழுதி மாட்ட வேண்டும் என்று மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விதி சொல்கிறது. ஆங்கிலம் அல்லது இந்தி, கூடவே அந்த மாவட்டத்தின் மொழி. பம்பாயில் அது மராத்தி. தமிழில் மாட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. இருபது பேருக்குக் கீழே உள்ள பட்டறையில், மின் ஆய்வாளர் தனியாக எழுதி உத்தரவிட்டால் தவிர, எந்த மொழியிலும் மாட்ட வேண்டிய கட்டாயமில்லை. சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தாராவியில் ஆதி திராவிட மகாஜன சங்கம் இருக்கிறது, கோயில் கமிட்டிகளும் நற்பணி மன்றங்களும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விழாவுக்கு பேனர் அடிக்கும் செலவில் ஒரு சிறு பங்கு போதும். அந்த முதலுதவி முறையைத் தமிழில் அச்சடித்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டுங்கள். பட்டறை நடத்தும் தமிழ் முதலாளிகளே, ஒருநாள் லோஹார் சால் போய் ஒரு ஆர்சிசிபி வாங்கி, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மாட்டுங்கள். உங்களை நம்பி ஊரிலிருந்து பிள்ளையை அனுப்பியவர்களுக்கு நீங்கள் முதலில் கொடுக்க வேண்டியது அது.

(தொடரும்)